வீடற்ற ஆண்களிடம் எச்.ஐ.வி. தடுப்புப் பணி: சென்னைத் தெருக்களுக்கான முழு வழிகாட்டி

பாரிமுனை, சென்ட்ரல், வால்டாக்ஸ் சாலை, எழும்பூர், கோயம்பேடு, மெரினா என்று சென்னையில் பிளாட்பாரத்தில் படுத்து எழும் ஆண்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தன்னார்வலர்கள், சமூகப்பணி படிக்கும் மாணவர்கள், காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பயன்படும்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். ரத்தத்தை முதலில் எடுத்துவிடுகிறார்கள். ஆளை மறுபடி எங்கே பார்ப்பது என்று அப்புறம் யோசிக்கிறார்கள். வீடு இருப்பவருக்கு முகவரி உண்டு, போன் உண்டு. பிளாட்பாரத்தில் இருப்பவருக்கு நேற்றுப் படுத்த இடமே இன்று இல்லாமல் போகலாம். அடுத்த சந்திப்புக்கு வழி செய்யாமல் எந்தப் படியையும் தொடங்காதீர்கள். கீழே சொல்லும் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

1. தெருவில் இறங்கும் முன்

முதலில் நம்பிக்கை மையத்துக்கு நீங்கள் மட்டும் தனியாகப் போய் வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாகத் தரும் மையத்துக்குத் தமிழ்நாட்டில் இதுதான் பெயர். சென்ட்ரல், பாரிமுனைப் பக்கம் வேலை என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையோ (ஜி.எச்.) ஸ்டான்லியோ பக்கம். எழும்பூர், கீழ்ப்பாக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதாவது கே.எம்.சி. திருவல்லிக்கேணி, மெரினா என்றால் ராயப்பேட்டை. எந்த வாசல் வழியாகப் போவது, எந்தக் கட்டடம், எத்தனை மணி வரை ரத்தம் எடுப்பார்கள் என்பதையெல்லாம் நீங்களே நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கிருக்கும் ஆலோசகரிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். அரைமனதோடு வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு மூன்று கட்டடம் சுற்றினால், மூன்றாவது வாசலில் அவர் உங்களோடு இருக்க மாட்டார்.

ஏ.ஆர்.டி. மையத்தையும், அதாவது எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் இடத்தையும், பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தையும் இதேபோல் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காப்பகம். மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கானது எது, இரவு எத்தனை மணி வரை உள்ளே விடுவார்கள், குடித்திருந்தால் என்ன செய்வார்கள், உடம்பு முடியாதவரைச் சேர்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். 1913 மாநகராட்சியின் உதவி எண். எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097, கட்டணம் கிடையாது. இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பையில் ஆணுறை, நீர் கலந்த வழுக்குப் பசை, புண்ணுக்குக் கட்டுப்போடும் சாமான், உப்புக் கரைசல் பொட்டலம், சோப்பு. இலவச ஆணுறையை நம்பிக்கை மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் கூப்பிடும் பெயர், படுக்கும் இடம், அடுத்துப் பார்க்கும் நாள் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லே அதில் வரக் கூடாது. அந்த நோட்டு ஒருநாள் டீக்கடையில் மறந்துபோகும், யாராவது புரட்டுவார்கள்.

அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஒருமுறை போய், அடையாள அட்டையைக் காட்டி, என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2017இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு வழிகாட்டுதலின்படி தொற்று அபாயத்தைக் குறைக்கச் செய்யும் பணி குற்றமாகாது என்று அதன் 22ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று பையில் இருந்தால், ஆணுறைப் பெட்டியோடு ராத்திரி யாரிடமாவது பதில் சொல்ல வேண்டி வரும்போது உதவும்.

2. இடம், நேரம், பருவம்

நல்ல நேரம் இரண்டு. விடியற்காலை, லோடு ஏற்றவோ மீன்பாடி வண்டி மிதிக்கவோ கேட்டரிங் வேலைக்கோ கிளம்பும் முன். அப்புறம் மாலை ஏழு மணியை ஒட்டி, கூலி வாங்கியபின், சரக்கு தலைக்கேறும் முன். ராத்திரி பதினொரு மணிக்குப் போனால் நிறையப் பேரைப் பார்க்கலாம், பேச முடியாது. தூங்குபவரை எழுப்பி நோய் பற்றிப் பேசுகிறவரை யாருக்கும் பிடிக்காது.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். பாரிமுனைப் பக்கம் தங்கும் பலர் கல்யாணச் சமையல், பரிமாறும் வேலைக்குப் போகிறவர்கள். முகூர்த்த நாட்களில் இருக்க மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வருமானமும் இல்லை. பணமும் படுக்க இடமும் இல்லாதபோதுதான் "வா, என்கூடப் படுத்துக்கோ" என்று கூப்பிடுபவரோடு போக வேண்டி வருகிறது. அந்த மாதங்களில் அடிக்கடி போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லோரும் இடம் மாறுவார்கள். சுரங்கப்பாதை, மேம்பாலத்தடி, கடை வராந்தா என்று யார் எங்கே ஒதுங்குவார்கள் என்பதை மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் சந்திப்பில் எச்.ஐ.வி. பேச்சு வேண்டாம்

பக்கத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசாதீர்கள். வயதைப் பார்த்து "அண்ணே", "ஐயா" என்று கூப்பிடுங்கள். உங்களைவிடச் சின்னவராக இருந்தாலும் "நீங்க" என்றே பேசுங்கள். நாள் முழுக்க "டேய்" கேட்பவருக்கு அந்த ஒரு சொல்லே நின்று பேசக் காரணமாகிவிடும்.

காலில் புண் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். புண் இருந்தால் கழுவிக் கட்டுங்கள். இதில் உள்நோக்கம் எதுவும் இருக்கத் தேவையில்லை. தெருவில் வாழும் ஒருவருக்குப் பத்து வருடம் கழித்து வரக்கூடிய நோயைவிட, இன்று சீழ் பிடித்திருக்கும் கால்தான் பெரிய விஷயம். அதை நாம் பெரிதாக எடுத்துக்கொண்டால்தான் நாம் பெரிதென்று சொல்வதை அவர் காதில் வாங்குவார்.

கிளம்பும்போது எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள். வர முடியாது என்று தெரிந்தால் வேறு யாரையாவது அனுப்புங்கள். அந்த நம்பிக்கை ஒருமுறை முறிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புதியவர்கள் செய்யும் இன்னொன்று: கும்பலாகப் போவது. எட்டுப் பேர் ஒரே நிற டீ-சர்ட் போட்டுக்கொண்டு இறங்கினால், யாரிடம் பேசுகிறீர்களோ அவரைத் தெருவே பார்க்கும். இரண்டு பேர் போதும். போட்டோ எடுக்கவே வேண்டாம்.

4. ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டறிவது

இதுதான் கடினமான பகுதி. மூன்றாவது நான்காவது சந்திப்பில், தனியாக இருக்கும்போது தொடங்குங்கள். பக்கத்துப் பாயில் ஆள் இருந்தால் "டீ குடிக்கலாம் வாங்கண்ணே" என்று எழுப்பி நடத்திக் கூட்டிப்போங்கள். நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் பேச்சு எளிதாக வரும்.

ஆளை வகைப்படுத்தும் கேள்வி வேண்டாம், செய்ததைக் கேளுங்கள். "நீங்க ஆம்பளைங்ககூடப் போறவரா?" என்று கேட்டால் "சீச்சீ" என்ற பதில்தான் வரும். ஆண்களோடு உறவு வைத்திருக்கும் பலர் தங்களை அப்படி நினைப்பதே இல்லை. பணத்துக்காக, போதைக்காக, மழைக்கு ஒதுங்க ஒரு லாட்ஜ் அறைக்காக, சில நேரம் துணைக்காக, சில நேரம் வலுக்கட்டாயத்தால் நடந்திருக்கும். ஊரில் மனைவி, பிள்ளை இருக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ரோட்டுல இருக்கும்போது ராத்திரி நேரத்துல யாராவது வந்து தொந்தரவு பண்றாங்கன்னு சில பேர் சொல்றாங்க. இங்க எப்படிண்ணே?"

"படுக்க இடம் தரேன், சரக்கு வாங்கித் தரேன்னு கூப்பிட்டுப் போறவங்க இருக்காங்களா?"

"கடைசியா யார்கூடயாவது இருந்தப்போ காண்டம் கையில இருந்துச்சா?"

முதல் கேள்வி எப்போதும் மற்றவர்களைப் பற்றியதாக இருக்கட்டும். அவர் தயாரானால் "எனக்கே ஒருதடவை…" என்று தானாக வருவார். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள ஒருவர் தன் கதையைச் சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எந்தச் செயலில் எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆணுறை இல்லாத ஆசனவாய்ப் புணர்ச்சியில், அதிலும் ஏற்பவருக்கு, உடலுறவு வகைகளிலேயே ஆபத்து மிக அதிகம். ஆணுறை இல்லாத பெண்ணுறுப்புப் புணர்ச்சியிலும் தொற்றும். வாய்வழி உறவில் ஆபத்து மிகக் குறைவு. ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது நேரடி வழி. பிறப்புறுப்பில் புண், சிபிலிஸ் போன்ற பால்வினை நோய் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. "கீழ எரிச்சலா இருக்கு, புண்ணு இருக்கு" என்பவரைத் தள்ளிப்போடாமல் சுகவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

பீடியை மாற்றி இழுப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டணக் கழிப்பறை, கொசு, ஒரே போர்வை, இவற்றால் வராது. இதை உரக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் பிளாட்பாரத்தில் ஒருவருக்கு இருப்பதே பக்கத்துப் பாய்க்காரரின் துணைதான். பயம் அதைப் பறித்துவிடும்.

வலுக்கட்டாயமாக உறவுகொண்டார்கள் என்றோ, ஆணுறை இல்லாமல் நடந்தது என்றோ, பிறர் ஊசியைப் போட்டுக்கொண்டேன் என்றோ ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது "எப்போ?" என்பதுதான். 72 மணி நேரத்துக்குள் என்றால் தொற்றைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. ராத்திரி என்றால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அப்போதே போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 1098ஐ அழையுங்கள். அவனுக்கு வேறு சட்டம், வேறு பாதுகாப்பு.

5. ஆணுறை, ஊசி, சரக்கு

ஆணுறையைக் கொத்தாகக் கொடுத்துவிட்டு வருவதில் பயனில்லை. தெருவில் இருப்பவருக்கு அதை வைக்க இடம் கிடையாது. சட்டைப் பையில் நாள் முழுக்க வெயிலிலும் வியர்வையிலும் இருந்தால் ரப்பர் நைந்துவிடும். மூட்டைக்குள் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் மூட்டை பக்கத்தில் இருக்காது. இரண்டு மூன்று மட்டும், சின்ன நெகிழிப் பையில் போட்டுக் கொடுங்கள். அடிக்கடி புதிதாக மாற்றிக் கொடுங்கள். ஒளித்து வைக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி, ஆண்கள் கூடும் ஏதாவது ஒரு கடையில் பெட்டி வைக்க முடியுமா என்று கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் ஆணுறையைக் கிழித்துவிடும். இது பலருக்குத் தெரியாது. நீர் கலந்த பசையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்வதோடு அதைக் கையிலும் கொடுங்கள். எப்படிப் போடுவது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள், அப்புறம் அவரையே செய்யச் சொல்லிப் பாருங்கள். "தெரியும்" என்று சொல்பவர் பலர், நுனியில் காற்றை வெளியேற்றாமல்தான் போடுவார்கள்.

ஊசி. வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஊசியைப் பகிராவிட்டாலும், கரைத்த மூடி, பஞ்சு, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வரும் வாய்ப்பு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். விட நினைப்பவருக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை அரசு மையங்களில் மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது. எந்த மையம் என்று 1097இல் கேட்டு அங்கே சேர்த்துவிடுங்கள். திடீரென்று நிறுத்தச் சொல்லி நெருக்கினால், உடம்பு நடுங்கும் முதல் ராத்திரியே அவர் யாரிடமிருந்தாவது ஊசி வாங்கிக்கொள்வார்.

சரக்கு பற்றி நீளமாகப் போதிக்க வேண்டாம். பிளாட்பாரக் குளிரையும் கொசுவையும் தாண்டித் தூங்க அதைவிட்டால் வழி இல்லை என்று பலர் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. நடைமுறைக்கு ஆகும் ஒன்றைச் சொல்லுங்கள்: "குடிக்கிறதுக்கு முன்னாடியே காண்டத்தை எடுத்து மேல் பாக்கெட்ல வெச்சுக்குங்க." குடித்தபின் தேட மாட்டார்.

6. பரிசோதனைக்கு முன்பே, பின்னால் வருவதைத் தயார் செய்யுங்கள்

ஒருவர் "சரி, பார்த்துக்கலாம்" என்று சொன்னவுடன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்கு முன் மூன்று கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

நாளைக்கு அவரை எங்கே பார்ப்பீர்கள்? படுக்கும் இடம் ஒன்று போதாது. காலையில் டீ குடிக்கும் கடை, வேலைக்கு நிற்கும் முனை, சாப்பிடும் அம்மா உணவகம், குளிக்கும் இடம், கோயில் அன்னதானம், யாரோடு சுற்றுகிறார், ஊர் எது, ஊருக்கு எப்போது போவார், அவரைக் காணவில்லை என்றால் யாரைக் கேட்கலாம் என்று குறைந்தது நான்கைந்து நூல் உங்கள் கையில் இருக்கட்டும். யாரைக் கேட்கலாம் என்பதை அவரே சொல்ல வேண்டும். அவர் சொல்லாத ஆளிடம் நீங்கள் விசாரிக்கக் கூடாது.

பாசிட்டிவ் என்று வந்தால் அன்று ராத்திரி எங்கே படுப்பார்? அப்படி ஒரு செய்தியோடு ஒருவரைத் தனியாகப் பிளாட்பாரத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். காப்பகத்தில் ஒரு பாயை முன்பே பேசி வையுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். "உடம்பு சரியில்லை" என்பது போதும்.

அவருடைய சம்மதம் தெளிந்த மனதோடு வந்ததா? சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது என்பது சட்டம். போதையில் இருப்பவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. மனநிலை குழம்பிய நிலையில் இருப்பவருக்கு முதலில் மனநல உதவி தேவை. பணமோ பிரியாணிப் பொட்டலமோ காட்டி ஒப்புக்கொள்ள வைப்பதும் தவறு. பசியில் இருப்பவர் எதற்கும் சரி என்பார்.

7. மையத்துக்குப் போகும் நாள்

வேலைக்குப் போகும் நாள் வேண்டாம். ஒரு நாள் கூலி போனால் மறுமுறை வர மாட்டார். காலையில் போய்க் கூட்டி வாருங்கள். குளிக்க, துணி மாற்ற நேரம் கொடுங்கள். அழுக்கு லுங்கியோடு மருத்துவமனை வாசலில் காவலாளியிடம் ஏச்சு வாங்கினால் அங்கேயே திரும்பிவிடுவார். வழியில் அம்மா உணவகத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள், இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை.

ஆதார் இல்லை என்பது பரிசோதனைக்குத் தடை இல்லை. ஆனால் எந்தப் பெயர் சொல்கிறாரோ அதையே எல்லா இடத்திலும் சொல்லச் சொல்லுங்கள். தெருவில் ஒரு பெயர், ஆஸ்பத்திரியில் ஒரு பெயர், காப்பகத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் பின்னால் சிகிச்சைப் பதிவுகளை இணைக்கவே முடியாது.

ஆலோசனை அறைக்குள் நீங்கள் போகாதீர்கள். வெளியே உட்காருங்கள். முடிவை உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். "என்ன ஆச்சு?" என்று வராந்தாவில் கேட்பது, மிகவும் அக்கறையுள்ள தன்னார்வலர்கள்கூடச் செய்கிற பிழை.

ஒரே வருகையில் சிபிலிஸ் பரிசோதனை, காசநோய்ச் சோதனை, முடிந்தால் ஹெபடைடிஸ் பி, சி எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது என்ற நான்கில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும்.

நெகட்டிவ் என்று வந்தால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அண்மையில் ஆபத்து இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆபத்து தொடர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்தத் தேதியை ஒரு பண்டிகையோடு சேர்த்துச் சொல்லுங்கள், "பொங்கல் முடிஞ்சதும்" என்பதுபோல. காலண்டர் இல்லாதவருக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

முகாமில் விரலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்தால் அது இறுதி முடிவு ஆகாது. நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு மூன்று பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்துவார்கள். அதுவரை "பாசிட்டிவ்" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க வேண்டாம்.

8. பாசிட்டிவ் என்று உறுதியானால்

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு. 2017 முதல் நம் நாட்டில் நோய் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் எல்லோருக்கும் சிகிச்சை தொடங்கப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை, இலவசம். சீட்டைக் கையில் கொடுத்து "நீங்களே போய்ப் பாருங்கண்ணே" என்று சொல்லாதீர்கள். கூடவே போங்கள். நம்பிக்கை மையத்துக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் இடையில்தான் அதிகம் பேர் நழுவிப் போகிறார்கள்.

எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் பேர்போன தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே சிலர் ஒதுங்குவார்கள், அங்கே போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று. அப்படியென்றால் ஜி.எச்., ஸ்டான்லி, கே.எம்.சி. என்று அவருக்குத் தோதான வேறு மையத்தைக் கேளுங்கள். தங்கும் இடத்துக்குப் பக்கமா, அல்லது தெரிந்தவர்கள் கண்ணில் படாத தூரமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

மருத்துவர் முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அந்த மருந்தை முதலில் தொடங்கி, அப்புறம் எச்.ஐ.வி. மருந்தைச் சேர்ப்பார்கள். காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டோலுடெகிராவிர் என்ற மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கூடுதலாக ஒரு டோலுடெகிராவிர் மாத்திரை தருவார்கள். இரண்டாவது மாத்திரை எதற்கு என்று தெரியாமல் பலர் அதை விட்டுவிடுவதால் இதை விளக்கிச் சொல்லுங்கள். காசநோய் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்கில் வரும். கணக்கு இல்லாதவருக்கு அதைத் தொடங்கித் தருவது உங்கள் வேலைப் பட்டியலில் இருக்கட்டும்.

காப்பகத்தில் சொல்ல வேண்டுமா? அவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது. தெரியவந்தாலும் வெளியே அனுப்பவோ தனித் தட்டு, தனி மூலை என்று ஒதுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. அப்படி நடந்தால் சட்டப் பிரிவைக் காட்டிப் பேசுங்கள், பின்வாங்காதீர்கள்.

ஒரு செய்தியை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்: மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் போகாது. ஆறாவது மாதத்தில் வைரஸ் அளவைச் சோதிப்பார்கள். ஊரில் மனைவி இருப்பவர்கள் இதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

9. மாத்திரையைத் தெருவில் காப்பாற்றுவது

டப்பாவில் முப்பது மாத்திரை. அதைத் தலைக்கு வைத்துப் படுப்பவரிடமிருந்து மூட்டையோடு திருடு போகும், மழையில் நனையும், நடைபாதையைக் காலி செய்யும்போது வண்டியில் ஏற்றிக் குப்பைக்குப் போய்விடும். மாதம் முழுவதற்கும் மொத்தமாகக் கையில் கொடுப்பது இங்கே சரிவராது.

டப்பாவை உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காப்பகத்திலோ உங்கள் அலுவலகத்திலோ வைத்துக்கொண்டு, நான்கைந்து நாளைக்கு உரியதைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் போட்டுக் கொடுங்கள். லேபிள் வேண்டாம். யாராவது கேட்டால் "சத்து மாத்திரை" என்றோ "தோல் வியாதிக்கு" என்றோ என்ன சொல்வது என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த நான்கைந்து நாள் மாத்திரைக்காக அவர் வரும்போது சந்திப்பும் நடந்துவிடுகிறது.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். தினமும் தவறாமல் நடப்பது எதுவோ அதோடு சேருங்கள். காலை டீயானால் டீ. சாப்பிட்டுத்தான் போட வேண்டும் என்பதில்லை. "சாப்பாடு கிடைக்கல, அதனால மாத்திரை போடல" என்று நாட்களை விட்டவர்கள் உண்டு. வெறும் வயிற்றிலும் போடலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

குடித்த அன்று மாத்திரை கூடாது என்பதும் தவறான நம்பிக்கை. குடியால் ஈரல் கெடும், குறைப்பது நல்லது. ஆனால் குடித்த நாளிலும் மாத்திரையை விடக் கூடாது. இதைச் சொல்லாவிட்டால், வாரக் கூலி வாங்கும் சனிக்கிழமைதோறும் ஒரு மாத்திரை போய்விடும்.

நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில், டைஜீன் குடிப்பவர்கள் நிறைய. அது டோலுடெகிராவிர் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எச்.ஐ.வி. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசிலோ, ஜெலுசில் குடித்து ஆறு மணி நேரம் கழித்து மாத்திரையோ என்று இடைவெளி விடச் சொல்லுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஊருக்கோ சபரிமலைக்கோ திருவண்ணாமலைக்கோ கிளம்பினால், எத்தனை நாளோ அதற்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். மையம் தந்த சிகிச்சைக் கையேட்டையும் கொண்டுபோகட்டும். வேறு ஊர் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து கேட்க அது வேண்டும்.

10. காணாமல் போனவரைத் தேடுவது

சொன்ன நாளில் வரவில்லை என்றால் அன்று மாலையே தேடுங்கள். ஒரு வாரம் விட்டால் நூல் அறுந்துவிடும். ஆறாம் படியில் வாங்கி வைத்த பட்டியலை எடுத்து, அவர் அனுமதித்த ஆட்களிடம் மட்டும் கேளுங்கள். "வேலை விஷயமா பார்க்கணும்" என்பது போதும். "மாத்திரை", "ஆஸ்பத்திரி" என்ற சொற்கள் வேண்டாம்.

கிடைக்கவில்லையா, பெரும்பாலும் சில இடங்கள்தான்: தொடர் முகூர்த்தத்துக்கு வெளியூர் கேட்டரிங், சொந்த ஊர், ஏதோ ஒரு மருத்துவமனை வார்டு, போதை மறுவாழ்வு மையம், புழல் சிறை. மருத்துவமனை என்றால் ஜி.எச்., ஸ்டான்லி வார்டுகளில் போய்ப் பாருங்கள். மயங்கிக் கிடந்தவரை 108இல் கொண்டுவந்து பெயர் தெரியாதவர் என்று சேர்த்திருக்கலாம். புழல் என்றால் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் வழியாகப் போங்கள். சிறையிலும் அவருக்கு மருந்து பெறும் உரிமை உண்டு, ஆனால் அவராக வாய் திறந்து கேட்கப் பயப்படுவார்.

திரும்பி வந்தவரிடம் "ஏன் விட்டீங்க?" என்று தொடங்காதீர்கள். "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை மட்டும் கேட்டு, அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லும்படி கூடப் போங்கள். நாட்களைக் குறைத்துச் சொன்னால், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று மருத்துவர் தவறாகக் கணிக்க நேரும். மறுபடி தொடங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. எத்தனை முறை விட்டாலும் அதே கதவு திறந்துதான் இருக்கிறது என்பதை அவர் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். கேட்ட அன்றே அடுத்த சந்திப்புக்கு நாளும் டீக்கடையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.